எங்கள் வார்டு கிளினிக்குக்கு ஒரு பாஸ்புக் வேண்டும்

பெறுநர்: கிரேட்டர் பெங்களூரு ஆணையம், ஐந்து மாநகராட்சிகளின் ஆணையர்கள், கர்நாடக சுகாதாரத் துறை, ஒன்றிய சுகாதார அமைச்சகம்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்னத் தெருவில் 41 வருடமாகக் குடியிருக்கிறேன். ஒரு தமிழ்வழிப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் தெரு மகளிர் ஆரோக்கிய சமிதியில் இருக்கிறேன். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வகுத்த ஏற்பாடு அது. 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு சமிதி, வருடத்துக்கு 5,000 ரூபாய் நிதி. டெல்லியில் தொடங்கும் பொதுச் சுகாதார ஏற்பாடு வந்து முடிகிற கடைக்கோடி நாங்கள். எங்களுக்கு அடுத்தது வீட்டு வாசல்தான்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பரில், ஒரே மாநகராட்சியாக இருந்த பெங்களூரு மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்தாகப் பிரிந்தது. ஐந்துக்கும் மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். அலுவலகம், அதிகாரி, பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் புதிது. அதிகாரத்தை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரத்தான் இந்தப் பிரிப்பு என்று சொன்னீர்கள். நல்லது. புதுவீடு கட்டும்போது அடுப்பு எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று சுவர் எழும்பும்போதே சொல்லிவிட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு சொன்னால் இடிக்க மனசு வராது. அதனால் இப்போதே கேட்கிறேன். எங்கள் வார்டு கிளினிக்கின் அதிகாரமும் காசும் எங்கே இருக்கப் போகின்றன?

என் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவள் மகள் என்னிடம் படித்தவள். அம்மாவும் மகளும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பௌரகார்மிகர், அதாவது மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. காலை ஆறரைக்குள் ஆஜர் போட்டாக வேண்டும். வேலை முடிந்து வீடு வந்து, கை கால் கழுவி, ஒரு வாய் சோறு தின்று கிளினிக்குக்குப் போனால் மணி நாலு. கிளினிக் நாலரைக்கு மூடும். டாக்டர் இருக்கிற நாளில் மாத்திரை இருக்காது. மாத்திரை இருக்கிற நாளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.

அவளுக்கு பிரஷர். தினம் ஓர் அம்லோடிபின் போட வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் மலிவான மருந்துகளில் அதுவும் ஒன்று. அது ஒரு மாதம் கிளினிக்குக்கு வரவில்லை. "இன்டென்ட் போட்டிருக்கோம்மா, மேலேருந்து இன்னும் வரல" என்று நர்ஸ் சொன்னார். பொய் சொல்லவில்லை. பதிவேட்டை எனக்கே திருப்பிக் காட்டினார். கையில் மிச்சமிருந்த மாத்திரைகளை அவள் பிளேடால் பாதியாக நறுக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கடையில் வாங்கிக் கொடுத்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. மகள் ஓடி வந்து கதவைத் தட்டினாள். நான் போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு குழறியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். முதல் ஆஸ்பத்திரியில் இடமில்லை, இரண்டாவதில் சேர்த்தோம். பதினொரு நாள். உயிர் பிழைத்தாள். வலது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. துடைப்பம் பிடிக்கிற கை அது.

காப்பீட்டு அட்டை அன்றைக்குக் கைகொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதனம். ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா அட்டையில் ஏழைக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் அந்த அட்டை வேலை செய்யும். தினம் போட வேண்டிய மாத்திரைக்கு அது செல்லாது. விழுந்த பிறகு தூக்கிவிட 5 லட்சம் வைத்திருக்கிற நாடு, விழாமல் இருக்க ஒரு பட்டை மாத்திரையை வேளைக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பதினொரு நாள் படுக்கைச் செலவில் எங்கள் தெருவில் பிரஷர் இருக்கிற அத்தனை பேருக்கும் எத்தனை வருடம் மாத்திரை வாங்கியிருக்கலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பொதுச் சுகாதார அமைப்பு தாக்குப்பிடிக்குமா, கட்டுப்படியாகுமா என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்களே, அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் தெருமுனையில்தான் கிடக்கிறது.

எங்கள் கிளினிக் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது, எந்தச் சாலையில் இருக்கிறது என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள். அவர்கள் கையில் எதுவும் இல்லை என்பதுதான் என் புகார். மாத்திரை தீரப்போகிறது என்று அவர்களுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே தெரிந்திருந்தது. தெருவில் யாருக்கு பிரஷர், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்பதெல்லாம் அவர்களுக்கும், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா பெண்ணுக்கும் மனப்பாடம். தெரிந்தவர்களிடம் காசும் முடிவும் இல்லை. காசும் முடிவும் இருக்கிற இடத்தில் எங்கள் தெருவைத் தெரிந்தவர்கள் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் வார்டுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. மருந்து வாங்குவதையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளினிக்கும் தனித்தனியாகக் கடையில் பேரம் பேசினால் விலை ஏறும், தரம் தெரியாது, ஊழலும் நுழையும். இதற்கு எங்கள் பக்கத்து மாநிலத்தில் 30 வருடத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி 1995இல் வேலையைத் தொடங்கியது. மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு, மூலப் பெயரில் மருந்து வாங்கி, தரப் பரிசோதனை முடித்து, மாவட்டக் கிடங்குகளில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். பேங்க் பாஸ்புக் மாதிரியே. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து உங்கள் கணக்கில் இருக்கிறது, எது எப்போது எவ்வளவு வேண்டுமோ கிடங்கில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். எடுக்க எடுக்க பாஸ்புக்கில் கழியும். மலைக் கிராமத்து நிலையம் பாம்புக்கடி மருந்தை அதிகம் எடுக்கும், நகர்ப்புறத்து நிலையம் சர்க்கரை மாத்திரையை அதிகம் எடுக்கும். வாங்குவது ஒரே இடத்தில், எடுப்பது அவரவர் கையில்.

எனக்குத் தெரிந்த பரவலாக்கம் என்றால் இதுதான். எதை மேலே வைக்க வேண்டும், எதைக் கீழே இறக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிற புத்தி. தரப் பரிசோதனையை ஒருநாளும் கீழே இறக்கக் கூடாது. 2024 நவம்பரில் பல்லாரியில் பிள்ளை பெற வந்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நரம்பில் ஏற்றிய திரவத்தின் தரம் பற்றி மாநிலமே கேள்வி கேட்டது. அந்தப் பரிசோதனையை எந்த வார்டு கிளினிக்காலும் செய்ய முடியாது. அது பெரியவர்கள் வேலை. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்யுங்கள். எங்களிடம் பாஸ்புக்கைக் கொடுங்கள்.

நோய்க் கண்காணிப்பையும் ஐந்தாகப் பிரித்துவிடாதீர்கள். இந்த ஊருக்கு அதில் பழைய பாடம் இருக்கிறது. 1898இல் பிளேக் வந்தபோது பெங்களூர் ஓர் ஊரே அல்ல, இரண்டு. ஒரு பக்கம் மைசூர் மகாராஜா ஆட்சியில் பேட்டை, இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் கண்டோன்மென்ட். நம் தமிழ் ஆட்கள் கூலிக்கும் பட்டாளத்து வேலைக்கும் சமையலுக்கும் வந்து குடியேறியது பெரும்பாலும் கண்டோன்மென்ட் பக்கம். ரயிலில் வந்த பிளேக் இரண்டு ஊரையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் காற்றோட்டமாகத் தெருக்களை வகுத்து பசவனகுடி, மல்லேஸ்வரம் வேகமாக வளர்ந்தன. கண்டோன்மென்ட் பக்கம் ஃப்ரேசர் டவுன் வந்தது. இன்றைக்கும் நகரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. எங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேப்பிலை வைத்து, கூழ் ஊற்றி வழியனுப்பிய இடங்கள் அவை. நேரம் கிடைத்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இப்போது பிளேக் இடத்தில் டெங்கு. 2024இல் கர்நாடகம் டெங்குவைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தது. கிழக்கு மாநகராட்சியில் தேங்கிய தண்ணீரில் பிறந்த கொசு மத்திய மாநகராட்சியின் எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகாது. காய்ச்சல் கணக்கை ஐந்து பேரும் ஒரே பலகையில் எழுத வேண்டும். ஆனால் எந்த வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் புழு நெளிகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். மருந்தடிக்கிற ஆளை நாங்கள் கூப்பிட்டால் அன்றைக்கே வர வேண்டும். அதற்கும் இன்றைக்கு மேலேயிருந்து உத்தரவு வர வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்று 2021 ஏப்ரல், மே மாதங்களில் பார்த்துவிட்டோம். கொரோனா இரண்டாம் அலை. பி.யு. நம்பர் என்று ஒன்று வேண்டும். அது வந்தால்தான் அரசு ஒதுக்கீட்டில் படுக்கை. டெஸ்ட் ரிசல்ட் வந்து, அது கணினியில் ஏறி, நம்பர் பிறந்து, அப்புறம் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு, அவர்கள் எங்கே காலி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் தம்பிக்கு ஆக்சிஜன் 88க்கு இறங்கியபோது நம்பர் வரவில்லை. இரண்டு ராத்திரி நாங்கள் கேட்டது அந்த ஹெல்ப்லைன் பாட்டு மட்டும்தான். மூன்றாம் நாள் தெருப் பையன்கள் சேர்ந்து எங்கிருந்தோ ஒரு சிலிண்டர் பிடித்து வந்தார்கள். தம்பி பிழைத்தான். அதே தெருவில் மூன்று பேர் பிழைக்கவில்லை. அந்த மே மாதத்தில்தான் மாநகராட்சி வார்டு அளவில் குழுக்களை அமைத்து, பக்கத்திலேயே நோயாளிகளைப் பார்த்துப் பிரித்து அனுப்பும் வேலையைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீடு வீடாக ஆக்சிமீட்டரோடு நடந்தார்கள். அது பிடித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அலை ஓய்ந்ததும் அந்தக் குழுக்களையும் மறந்துவிட்டோம். இடுப்பளவு வெள்ளத்தில் கட்டிய பாலத்தைத் தண்ணீர் வடிந்ததும் பிரித்து விறகாக்குவார்களா?

அந்த நேரத்தில் எங்களுக்குக் கவுன்சிலரும் இல்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் ஓடியது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கான 18 வேலைகளில் ஆறாவதாகப் பொதுச் சுகாதாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். வேலையை எழுதி வைத்தார்கள், பையைத் தைத்துக் கொடுத்தார்கள், பைக்குள் காசு போட மறந்துவிட்டார்கள். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்குப் போயின. வேலையும் காசும் சேர்ந்தே இறங்கின. குறை இல்லாமல் இல்லை. ஆனாலும் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும் என்று ஊருக்குத் தெரியும்.

காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் வருட தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றது. 2021-22ஆம் வருடத் தேசிய சுகாதாரக் கணக்கில் அரசுகளின் மொத்தச் செலவு 1.84 சதவீதம். அதுவும் கொரோனா வருடம். மக்கள் தங்கள் கைக்காசிலிருந்து போடும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4க்கு இறங்கியிருக்கிறது. இறங்கியது சந்தோஷம்தான். ஆனால் 100 ரூபாய் வைத்தியத்தில் 39 ரூபாயை இன்னும் வீட்டிலிருந்து எடுக்கிறோம். அது எந்த டப்பாவிலிருந்து வருகிறது என்று எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என்று ஐந்து வருடத்துக்கு 70,051 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. முதல்முறையாக எங்கள் மட்டத்துக்கு என்று பெயர் எழுதி வந்த பெரிய பணம். கர்நாடகத்தில் 2022 கடைசியில் தொடங்கிய நம்ம கிளினிக்குகள் அந்த நிதியில் எழுந்தவை. விளம்பரத்துக்கு வைத்த கட்டடங்கள் அல்ல அவை. டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் உட்கார்கிற இடங்கள். ஆனால் அந்த நிதிக்குழுவின் காலம் 2021-22இல் தொடங்கி 2025-26 நிதியாண்டோடு முடிகிற காலம். ஐந்து வருட நிதியில் ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவரை ஒப்பந்தத்தில்தான் எடுப்பீர்கள். ஒப்பந்தத்தில் எடுத்தால் அவர் ஒரு கண்ணைத் தனியார் ஆஸ்பத்திரி விளம்பரத்தில்தான் வைத்திருப்பார். எங்கள் கிளினிக்கில் இரண்டு வருடத்தில் மூன்றாவது டாக்டர். போன தடவை வந்தவர் தங்கமான மனுஷன், சின்ன வயசு, கிழவிகளிடம் உட்கார்ந்து பேசுவார். சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனதும் போய்விட்டார். யார் குறை சொல்ல முடியும்? அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறதே.

1962இல் லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. ஆற்காடு இரட்டையரில் ஒருவர், 1946இல் அறிக்கை தந்த, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழுவிலும் உறுப்பினராக இருந்தவர். புதிதாக ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறந்துகொண்டே போவதற்கு முன், இருப்பவற்றை முதலில் பலப்படுத்துங்கள் என்பது அந்தக் குழு சொன்னதன் சாரம். 60 வருடம் கடந்துவிட்டது. ரிப்பன் வெட்டும் நிதி எளிதாகக் கிடைக்கிறது. வெட்டிய பிறகு பத்து வருடம் விளக்கெரிய வைக்கும் நிதிக்குத்தான் பஞ்சம்.

ஒரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரிக்குக் கீழே செஸ் என்று ஒரு தொகை. அதில் பெரும்பங்கு ஆரோக்கிய செஸ், 1962ஆம் வருடச் சட்டப்படி வசூலிப்பது. வரியோடு சேர்த்து மாநகராட்சி வாங்கி மாநில அரசுக்குக் கட்டுகிறது. வருடாவருடம் ஏப்ரலில் தள்ளுபடிக்காக வரிசையில் நின்று நானும் கட்டுகிறேன். ஆரோக்கியத்துக்கு என்று சொல்லி எங்கள் தெருவில் வாங்கிய காசில் ஒரு நிரந்தரப் பங்கை எங்கள் வார்டு கிளினிக்கின் பாஸ்புக்குக்குத் திருப்பி விடுங்கள் என்று கேட்கிறேன். நிதிக்குழு வரும், போகும். வீட்டு வரி வருடா வருடம் வரும். நர்ஸ் சம்பளத்தை அதன்மேல் நிறுத்தலாம்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வரி வசூலாகும் இடத்திலேயே அத்தனையும் தங்கட்டும் என்றால் மகாதேவபுரா பக்கம் கொழிக்கும், மற்ற இடம் காயும். ஐடி கம்பெனிகளின் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் கட்டடங்களைப் பெருக்குகிறவர்கள், அங்கே காவல் நிற்கிறவர்கள், அவர்கள் பிள்ளைகள் வேறெங்கோ இருக்கிறார்கள். ஸ்ரீராமபுரத்துச் சந்துக்கும் வைட்ஃபீல்டு அடுக்குமாடிக்கும் ஒரே அளவு மருந்து போதாது. எங்கே நோய் அதிகமோ, எங்கே வருமானம் குறைவோ அங்கே அதிகம் போகிற மாதிரி ஒரு பொதுப் பங்கை கிரேட்டர் பெங்களூரு ஆணையம் எடுத்துப் பிரிக்க வேண்டும். முதலமைச்சரே அதற்குத் தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கிற காரியம்.

வார்டுக்குப் பணம் வந்தால் உள்ளூர்ப் பெரிய மனுஷன் சுருட்டுவான் என்று சொல்வீர்கள். சுருட்டுகிறவன் இருப்பான்தான். அதற்கு நான் கேட்பது ஒரு கரும்பலகை. என்ன மருந்து கையிருப்பில் இருக்கிறது, எது இல்லை, இந்த மாதம் பாஸ்புக்கில் எவ்வளவு கழிந்தது என்று தினமும் சாக்பீஸால் வாசலில் எழுதட்டும். வரிசையில் நிற்கிற பெண்களைவிடப் பெரிய ஆடிட்டர் எவரும் இல்லை. மாதம் ஒரு தடவை, கிளினிக்கை மேற்பார்க்கும் ஆரோக்கிய ரக்ஷா சமிதி நோயாளிகளையும் உட்கார வைத்துக் கணக்கை வாசிக்கட்டும்.

ஆட்களைப் பற்றி ஒன்று. நாங்கள் கன்னடம் பேசுகிறவர்கள். கடையில், பஸ்ஸில், வங்கியில் கன்னடம்தான். இந்த மண் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் வலியை மட்டும் தாய்மொழியில்தான் சொல்ல வரும். சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. இத்தனையும் வேறு வேறு நோய். 70 வயதுப் பாட்டி இதை எல்லாம் 'நோவு' என்ற ஒரே கன்னடச் சொல்லில் அடக்கிவிட்டு டாக்டர் முன்னால் விழிக்கிறாள். முன்பு எங்கள் கிளினிக்கில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஒரு நர்ஸ் இருந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர்பட்ட பாடு, உருதும் கொஞ்சம். பாட்டி ஒன்று சொல்வாள், அவர் அதை டாக்டரிடம் சரியாக எடுத்து வைப்பார். ஒப்பந்தம் முடிந்து வேறெங்கோ போட்டுவிட்டார்கள். அவரை இங்கேயே வைத்திருக்கும் அதிகாரம் வார்டில் ஒருவருக்கும் இல்லை. தமிழருக்காக மட்டும் கேட்கவில்லை. சிவாஜிநகரில் உருது தெரிந்தவர் வேண்டும், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் இடத்தில் இந்தி தெரிந்தவர் வேண்டும். வார்டைத் தெரிந்தவர் ஆள் எடுத்தால் இது தானாக நடக்கும்.

நேரமும் அப்படித்தான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் மதியம் 12 முதல் இரவு 8 வரை இருந்தால் நல்லது என்று தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் வழிகாட்டுக் குறிப்பே சொல்கிறது. உழைக்கிற சனம் மாலையில்தான் வரும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிளினிக்கோ பக்கத்து வீட்டுப் பெண் துடைப்பத்தைக் கீழே வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்துகிறது. இந்த நேரத்தை மாற்றக்கூட எங்களுக்கு உரிமை இல்லை.

ஓசூரில் என் நாத்தனார் இருக்கிறார். இங்கிருந்து 40 கிலோமீட்டர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது அவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். சர்க்கரை மாத்திரையை ஒரு பெண் வீட்டுக்கு வந்து கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறாள். நாத்தனார் அவளுக்கு மோர் கொடுப்பாராம். இங்கே அந்த வேலையைச் செய்யக்கூடிய ஆஷா பெண்கள் 2025 ஜனவரிக் குளிரில் ஃப்ரீடம் பார்க்கில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மாதம் 15,000 கேட்டார்கள், 10,000 உறுதி என்று வாக்குக் கிடைத்தது. வீட்டு வாசல் வரைக்கும் வருகிற ஒரே அரசாங்கம் அவர்கள்தான். சம்பளத்துக்காக அவர்களைத் தெருவில் உட்கார வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் எங்கள் சமிதியில் ஒரு நோட்டுப் போட்டோம். 200 பக்கம், கோடு போட்டது. தினம் சாயங்காலம் ஒருவர் கிளினிக்குக்குப் போய் அன்றைக்கு எந்த மருந்து இல்லை, யார் கேட்டுத் திரும்பினார் என்று விசாரித்து எழுதுவோம். பெயர் எழுத மாட்டோம், "62 வயசு, தையல் வேலை, மெட்ஃபார்மின்" என்று மட்டும். நர்ஸும் ஒத்துழைக்கிறார், அவருக்கும் இது உதவுகிறது. வருடத்து 5,000 ரூபாயில் பிரஷர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்க்கிறோம். முதல் ஆளாக அவள்தான் வருவாள். இடது கையை நீட்டுவாள், வலது கையை மடியில் வைத்து மெதுவாக ஒவ்வொரு விரலாக மடக்கிப் பழகுவாள்.

அந்த நோட்டின் நகலைக் கிளினிக் பெயரை மறைத்து, ஐந்து மாநகராட்சிகளின் அலுவலகங்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்து சில இடத்தில் தமிழ், சில இடத்தில் கன்னடம், யார் போனார்களோ அவர்கள் மொழி. எண்களை எல்லோராலும் படிக்க முடியும். பதில் கன்னடத்தில் வந்தாலும் சரி, ஆங்கிலத்தில் வந்தாலும் சரி. படித்துச் சொல்ல எங்கள் சமிதியில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை,
மகளிர் ஆரோக்கிய சமிதி உறுப்பினர்,
பெங்களூரு கண்டோன்மென்ட்